மாமல்லபுரத்துக்கு ஒரு கைப்பேசி வழிகாட்டி: முதன்முறையாக உருவாக்குவோருக்கான செய்முறை

சுற்றுலாத் தலம் ஒன்றுக்கு வரும் பயணிகள் கைப்பேசியில் திறந்து பார்க்கத்தக்க வழிகாட்டியை உருவாக்க விரும்பும் மாணவர்கள், உள்ளூர் வழிகாட்டிகள், வரலாற்று ஆர்வலர்கள் ஆகியோருக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டாக மாமல்லபுரத்தைக் கொள்கிறேன். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூரின் பல்லவர் காலச் சின்னங்கள் 1984-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. வழிகாட்டி உருவாக்குபவர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் பெரும்பாலும் இங்கே ஒரே இடத்தில் கிடைக்கின்றன. சின்னங்கள் கடும் வெயிலில், திறந்த வெளியில், ஒன்றுக்கொன்று விலகி நிற்கின்றன. சிலவற்றுக்கு நுழைவுச்சீட்டு வேண்டும், சிலவற்றைச் சாலையில் நின்றே பார்க்கலாம். வருபவர்களோ பல மொழி பேசுபவர்கள்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றை முடிவுசெய்துகொள்ள வேண்டும். பயணி இவ்வளவு தூரம் வந்திருப்பது கல்லைப் பார்க்க. ஆகவே வழிகாட்டியின் ஒவ்வொரு திரையும் அவருடைய கண்ணைச் சில நொடிகளுக்குள் மீண்டும் கல்லின்மீது திருப்பிவிட வேண்டும். எழுத்தின் நீளம், படங்களின் எண்ணிக்கை, வரைபடத்தின் வடிவம், ஒலிப்பதிவின் வேகம் என்று பின்னால் எழும் எல்லாக் கேள்விகளுக்கும் இந்த ஒரே அளவுகோல் விடை தரும்.

முதல் வேலை: நடப்பது

கணினியைத் திறப்பதற்கு முன்பு, ஒரு குறிப்பேட்டுடன் ஊரை முழுமையாக நடந்து பாருங்கள். காலையில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை நடப்பது நல்லது. பெரும் புடைப்புச் சிற்பத் தொகுதி கிழக்கு நோக்கி இருப்பதால் காலை வெளிச்சம் அதன்மேல் நேராக விழும்; பிற்பகலில் அதே சிற்பம் நிழலுக்குள் போய்விடும். ஐந்து ரதங்கள் எனப்படும் ஒற்றைக்கல் கோயில்களைச் சுற்றியுள்ள தரை மணலாக இருப்பதால், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் கைக்குழந்தையோடு வருபவருக்கும் அங்கே நடப்பது கடினம். இத்தகைய செய்திகள் நூல்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. பயணிக்கோ, மன்னர்களின் ஆட்சியாண்டுகளைவிட இவை முதலில் தேவைப்படுகின்றன.

நடக்கும்போது மற்றப் பயணிகள் தங்களுக்குள்ளும் கடைக்காரர்களிடமும் என்ன கேட்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். "அங்கே வாங்கின சீட்டு இங்கேயும் செல்லுமா?", "கழிப்பறை எந்தப் பக்கம்?", "ரதத்துக்கு நடந்தே போகலாமா, ஆட்டோ பிடிக்கணுமா?" என்பவைதாம் திரும்பத் திரும்பக் காதில் விழும். இந்தக் கேள்விகளுக்கான விடைகள் முதல் திரையிலேயே இருக்க வேண்டும். "எங்களைப் பற்றி", "அமைச்சரின் வாழ்த்துச் செய்தி" போன்றவற்றுக்கு அங்கே இடமில்லை.

அடுத்து, நிறுத்தங்களைத் தேர்ந்தெடுங்கள். இவ்வூரில் சின்னங்கள் ஏராளம். எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும் என்ற ஆசை இயல்பானது. ஆனால் அரை நாள் தங்குபவர் பத்து நிறுத்தங்களுக்கு மேல் மனத்தில் வாங்குவதில்லை என்றே நான் கருதுகிறேன். கடற்கரைக் கோயில், புடைப்புச் சிற்பத் தொகுதி, வெண்ணெய்ப் பந்து என்று அழைக்கப்படும் பாறை, வராக மண்டபம், கலங்கரை விளக்கத்தை ஒட்டிய மகிஷாசுரமர்த்தினி மண்டபம், ஐந்து ரதங்கள் ஆகியவற்றை முதன்மை நடைவழியாக வைக்கலாம். ஊருக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் உள்ள புலிக்குகையையும், 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அதன் அருகே அகழ்ந்து வெளிக்கொணரப்பட்ட முருகன் கோயிலையும் தனி நடைவழியாகப் பிரித்துவிடுங்கள். வாகனம் இல்லாதவர் அவற்றை முதன்மை வழியோடு சேர்த்துத் திட்டமிட்டால் நாள் முழுவதும் அலைய நேரிடும்.

கல்லுக்கு முன்னால் நின்று படிக்கும் எழுத்து

வழிகாட்டியின் உயிர் அதன் எழுத்தில் இருக்கிறது. இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். புதியவர்கள் எழுதும் குறிப்புகள் பெரும்பாலும் இப்படித் தொடங்கும்: "ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனால் உருவாக்கப்பட்ட இச்சிற்பத் தொகுதி உலகப் புகழ் பெற்றது." தகவலாக இதில் பெரிய குறையில்லை. ஆனால் சிற்பத்தின் முன்னால் நிற்பவர் இதைப் படித்துவிட்டு எங்கே பார்ப்பார்? இந்த வாக்கியம் அவருக்கு எதையும் காட்டவில்லை.

அதே இடத்துக்கு வேறு வகையில் எழுதிப் பார்ப்போம். "பாறையின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் பிளவைப் பாருங்கள். அதனுள் நாகர்கள் கைகூப்பியபடி மேல்நோக்கி எழுகிறார்கள். பிளவுக்கு இடப்புறம், மேல்பகுதியில், இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தி ஒற்றைக்காலில் நிற்கும் மெலிந்த தவசி தெரிகிறாரா? அவருக்குப் பக்கத்தில் சிவன் வரம் தரும் நிலையில் நிற்கிறார். இப்போது பிளவின் வலப்புறம், கீழே வாருங்கள். பெரிய யானையின் முகத்தருகே ஒரு பூனை, அந்தத் தவசியைப் போலவே பின்கால்களில் நின்று முன்கால்களை உயர்த்தியிருக்கிறது. அதன் காலடியில் எலிகள்." இதைக் கேட்டுக்கொண்டே பார்ப்பவர் பூனையைத் தேடிக் கண்டுபிடிப்பார், கண்டுபிடித்த பிறகு பக்கத்தில் நிற்பவருக்கும் காட்டுவார். வரலாற்றுச் செய்தியை அதற்குப் பின்னால் வைத்தால், ஆர்வத்தோடு படிப்பார்.

ஆகவே ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இந்த வரிசையைப் பின்பற்றலாம். முதலில் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள். பிறகு எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டுங்கள். கடைசியாக அதன் பொருளையும் காலத்தையும் தாருங்கள். நிறுத்தத்தின் முதல் திரையில் 60 முதல் 80 சொற்கள் போதும். மிகுதியை "மேலும் படிக்க" என்ற பொத்தானுக்குக் கீழே வைத்துவிடலாம். ஆழமாக அறிய விரும்புபவர் அதைத் திறந்து, நிழலில் உட்கார்ந்து படித்துக்கொள்வார்.

நிற்கும் இடத்தைச் சொல்வது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஐந்து ரதங்கள் நல்ல சான்று. நகுல சகதேவ ரதம் பின்புறம் அரைவட்டமாக வளைந்த தூங்கானை மாட (தூங்கும் யானை போன்ற) வடிவில் அமைந்தது. அதன் அருகிலேயே ஒரு கல் யானை நிற்கிறது. வடக்குப் பக்கமிருந்து வருபவர் சரியான இடத்தில் நின்றால், யானையின் பின்புறமும் ரதத்தின் வளைந்த பின்புறமும் ஒரே பார்வையில் அடுத்தடுத்துத் தெரியும். கட்டடக்கலைச் சொல் ஒன்றுக்குச் சிற்பியே தந்த விளக்கம்போல அந்தக் காட்சி அமைந்திருக்கிறது. நான்கு அடி தள்ளி நின்றால் இந்த ஒப்புமை கண்ணில் படாமலே போகலாம். மகிஷாசுரமர்த்தினி மண்டபத்திலும் இதுபோல ஒன்றைக் காட்டலாம். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கச் சுவரில் சிங்கத்தின்மேல் அமர்ந்து போரிடும் துர்க்கை. நேர் எதிரே இடப்பக்கச் சுவரில் பாம்பணையில் துயிலும் திருமால். நடுவில் நின்று முதலில் ஒரு சுவரையும் பிறகு மற்றதையும் பார்க்கச் சொன்னால், வேகத்துக்கும் அமைதிக்கும் இடையிலான வேறுபாட்டைப் பயணி தாமாகவே உணர்வார். அதைப் புகழ்ந்து எழுத வேண்டியதில்லை.

அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ள இடங்களில் அதை மறைக்காதீர்கள். புடைப்புச் சிற்பத் தொகுதியை அர்ச்சுனன் தவம் என்பாரும் பகீரதன் தவம் என்பாரும் உண்டு. இங்குள்ள சின்னங்கள் பல மன்னர்களின் காலத்தில் படிப்படியாக உருவானவை என்பது பரவலான கருத்து. அனைத்தும் இராசசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தவையே என்று தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி 1960-களில் வாதிட்டார். ரதங்களுக்குப் பாண்டவர் பெயர்கள் வழங்கினாலும் அவை பிற்காலத்தில் மக்கள் இட்ட பெயர்களே. திரௌபதி ரதம் எனப்படுவது உண்மையில் துர்க்கைக்கு எடுத்த கோயில். இவற்றை ஓரிரு வாக்கியங்களில் நேர்மையாகச் சொன்னால் வழிகாட்டியின்மேல் நம்பிக்கை கூடும். உள்ளூரில் வழங்கும் கதைகளையும் சேர்க்கலாம்; ஆனால் அவை வழக்கில் உள்ள கதைகள் என்று தெளிவாகக் குறிப்பிட்டுவிட வேண்டும்.

செயலியா, இணையப்பக்கமா

புதியவர்கள் பலர் முதலிலேயே செயலி ஒன்றை எழுத முனைகிறார்கள். என் பரிந்துரை இணையப்பக்கம்தான். ஓர் ஊரில் அரை நாள் தங்குபவர், அதற்காக ஒரு செயலியைத் தேடி, பதிவிறக்கி, அனுமதிகள் தந்து, பிறகு திறப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. கியூஆர் என்ற சதுரக் குறியீட்டைக் கைப்பேசிக் கேமராவால் வருடியதும் திறக்கும் பக்கமே அவருக்கு ஏற்றது. கணக்கு தொடங்குதல், தொலைபேசி எண் கேட்டல் ஆகியவற்றை அறவே தவிர்த்துவிடுங்கள்.

இணையத் தொடர்பு இல்லாத இடத்திலும் அப்பக்கம் வேலைசெய்ய வேண்டும். கூட்டம் மிகுந்த விடுமுறை நாள்களில் அலைவரிசை நெரிசலால் பக்கங்கள் திறக்கத் திணறும். இந்தியச் சிம் இல்லாத வெளிநாட்டவருக்கு விடுதியின் வைஃபையை விட்டு வெளியே வந்தால் தொடர்பே இராது. சர்வீஸ் ஒர்க்கர் என்ற உலாவி வசதியைக் கொண்டு, முதல்முறை திறக்கும்போதே எழுத்தையும் படங்களையும் ஒலியையும் கைப்பேசியில் சேமித்துவிடலாம். இதற்கு உங்கள் தளம் பாதுகாப்பான எச்.டி.டி.பி.எஸ். முகவரியில் இயங்க வேண்டும். ஐபோனின் சஃபாரி உலாவி, ஒரு வாரம் தொடாத தளத்தின் சேமிப்பை நீக்கிவிடக்கூடும் என்பதால், முன்கூட்டியே திட்டமிடுபவர்களிடம் பக்கத்தை முகப்புத் திரையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மொத்த அளவுக்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்வது அவசியம். கணக்கு எளிது. ஒரு நிமிடப் பேச்சை நொடிக்கு 32 கிலோபிட் அளவில் சேமித்தால் சுமார் 240 கிலோபைட் ஆகும். தலா 80 கிலோபைட் அளவுள்ள இரண்டு படங்களைச் சேர்த்தால் ஒரு நிறுத்தத்துக்கு 400 கிலோபைட். பத்து நிறுத்தங்களுக்கு 4 மெகாபைட்டில் ஒரு மொழிக்கான வழிகாட்டி முடிந்துவிடும். பயணி தேர்ந்தெடுத்த மொழியின் ஒலியை மட்டும் இறக்கினால் போதும்.

படங்களைக் குறைவாகவே பயன்படுத்துங்கள். கோயிலின் முன்னால் நிற்பவருக்கு அதே கோயிலின் படத்தைக் காட்டுவதில் பயனில்லை. பூனை எங்கே இருக்கிறது என்று வட்டமிட்டுக் காட்டும் படம், எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காட்டும் படம் ஆகிய இரண்டு வகை மட்டுமே இங்கே உண்மையில் உதவும். ஒவ்வொரு படத்துக்கும், அதில் உள்ளதைச் சொற்களில் சொல்லும் மாற்று விளக்கம் எழுதிவிடுங்கள். திரையில் உள்ளதைக் குரலாகப் படிக்கும் திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் பார்வைக் குறைபாடு உடையோருக்கு அதுதான் படம்.

வெயிலில் தெரியும் திரை

கருமை நிறப் பின்னணியில் வெளிர் எழுத்து அறைக்குள் அழகாக இருக்கும். நண்பகலில் ரதங்களின் நடுவே நின்றால் அத்திரையில் பயணிக்குத் தம் முகந்தான் தெரியும். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். இணைய அணுகல்தன்மைக்கான பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் சாதாரண எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாட்டைக் கேட்கின்றன. வெளியில் படிப்பதற்கு, அதே நெறிகளின் உயர்நிலை அளவான 7-க்கு 1 என்பதையே நீங்கள் கொள்வது நல்லது. கல்லின் படத்துக்குமேல் எழுத்தை இடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

பொத்தான்கள் பெரியவையாக இருக்கட்டும். ஆண்டிராய்டு தன் வடிவமைப்பு விதிகளில் 48 அலகுகளைப் பரிந்துரைக்கிறது. திரையில் அது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். ஒரு கையில் தண்ணீர்ப் பாட்டிலோ குழந்தையின் கையோ இருக்கும் என்பதால், அடிக்கடி தொடவேண்டியவற்றைத் திரையின் கீழ்ப்பகுதியில், கட்டைவிரல் எட்டும் இடத்தில் வையுங்கள்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். நம் சொற்கள் நீளமானவை. "பதிவிறக்கம் செய்க" என்பது ஆங்கிலச் சொல்லுக்காக அளவெடுத்த பொத்தானுக்குள் அடங்காது; எனவே முதலில் தமிழில் வடிவமைத்துவிட்டுப் பிறகு மற்ற மொழிகளை அதில் இட்டுப் பார்ப்பது பாதுகாப்பான வழி. வரி இடைவெளியை எழுத்தளவின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வையுங்கள். இல்லையென்றால் மேல்வரியின் உகரக் கொம்புகளும் கீழ்வரியின் புள்ளிகளும் உரசும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒருங்குறி எழுத்துரு கட்டணமின்றிக் கிடைக்கிறது. பக்கத்தின் மொழி தமிழ் என்பதைப் பக்கத்தின் நிரலிலேயே குறித்துவிட்டால்தான் திரைவாசிப்பான் தமிழ்க் குரலில் படிக்கும்.

மொழித் தேர்வில் நாட்டுக் கொடிகளைப் பயன்படுத்தாதீர்கள். தமிழ், தெலுங்கு, இந்தி என்று ஒவ்வொரு மொழியின் பெயரையும் அந்தந்த மொழியின் எழுத்திலேயே எழுதுங்கள். மொழிபெயர்ப்பை இயந்திரத்திடம் மட்டும் விட்டுவிடாமல், அம்மொழி பேசும் ஒருவரைச் சிற்பத்தின் முன்னால் நிறுத்தி வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும்; இடமும் வலமும் மாறிவிட்டால் முழு விளக்கமும் வீணாகிவிடும்.

வரைபடமும் இருப்பிடமும்

கைப்பேசியின் ஜி.பி.எஸ். திறந்த வெளியில் ஏறத்தாழ 5 மீட்டர் அளவுக்குத்தான் துல்லியமானது. குடைவரைக்குள் அதுவும் இல்லை. திரௌபதி ரதமும் அர்ச்சுன ரதமும் ஒரே பீடத்தின்மேல் ஒட்டி நிற்பவை. பயணி எதன் முன்னால் நிற்கிறார் என்பதை ஜி.பி.எஸ். கண்டுபிடித்துத் தானாகவே விளக்கத்தைத் தொடங்கும் என்று நம்பி அமைத்தால், திரௌபதி ரதத்தின் குடிசைக் கூரையைப் பார்ப்பவருக்கு அர்ச்சுன ரதத்தின் அடுக்குக் கூரையின் கதை ஓடும். கடற்கரைக் கோயிலிலிருந்து ரதங்களுக்கு வழிகாட்ட ஜி.பி.எஸ். போதும். ரதங்களுக்குள் வந்த பிறகு, கூரை வடிவங்களைக் கோட்டோவியமாகத் தந்து, "உங்கள் முன்னால் இருப்பது எது?" என்று தொட்டுத் தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். தேர்ந்தெடுப்பதற்காகவாவது பயணி கூரையை நிமிர்ந்து பார்ப்பார்.

வரைபடத்தை எளிய கோட்டுப்படமாக நீங்களே வரைந்துவிடலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அதன் பங்களிப்பாளர்களின் பெயரைப் படத்தின் ஓரத்தில் குறிப்பிடுவது உரிமத்தின் நிபந்தனை. அதன் பொதுச் சேவையகத்திலிருந்து வரைபடத் துண்டுகளை மொத்தமாக இறக்கிச் சேமிக்க அனுமதியில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கலங்கரை விளக்கம், பேருந்து நிலையம் போலத் தொலைவிலிருந்தே அடையாளம் தெரியும் இடங்களைப் பெரிதாகக் காட்டுங்கள். குடிநீர், நிழல், கழிப்பறை ஆகியவை சின்னங்களுக்கு இணையான அளவில் இருக்கட்டும். பயணியின் இருப்பிடம் அவருடைய கைப்பேசியை விட்டு வெளியே போகாதபடி அமைப்பது உங்கள் கடமை.

ஒலிப்பதிவைப் பற்றிச் சில சொற்கள் போதும். அமைதியான அறையில், உள்ளூர் உச்சரிப்பு உள்ள ஒருவர் நிதானமாகப் பேசட்டும். "பிளவின் வலப்புறம் பாருங்கள்" என்று சொன்ன பிறகு மூன்று நான்கு நொடிகள் மௌனம் விடுங்கள். கண் நகர்ந்து செல்ல அந்த நேரம் வேண்டும். பின்னணி இசை தேவையில்லை. அங்கே கடலின் ஒலி இருக்கிறது, சிற்பக்கூடங்களிலிருந்து உளியின் ஒலி இருக்கிறது.

குறியீட்டை எங்கே ஒட்டுவது

வழிகாட்டிக்குள் பயணி நுழையும் வாசல் கியூஆர் குறியீடு. அதைச் சின்னங்களின் மீதோ அவற்றின் வளாகத்துக்குள்ளோ ஒட்டக்கூடாது. இவை 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்தியத் தொல்லியல் துறையால் பாதுகாக்கப்படுபவை. 2010-இல் செய்த திருத்தத்தின்படி சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் உள்ளன. வளாகத்துக்குள் பலகை வைக்கத் துறையின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அது கிடைக்கும் வரை விடுதிகள், உணவகங்கள், சிற்பக்கூடங்கள், ஆட்டோக்களின் முன்னிருக்கை முதுகு ஆகியவற்றில் உரிமையாளர்களின் ஒப்புதலோடு ஒட்டலாம். ஆட்டோ ஓட்டுநர்கள் இதற்கு மிகச் சிறந்த துணை. பயணியோடு முதலில் பேசுபவர்கள் அவர்கள்தாம்.

குறியீட்டின் அகலத்தைப்போலப் பத்து மடங்கு தூரத்திலிருந்து அதை வருடலாம் என்பது நடைமுறைக் கணக்கு. 5 சென்டிமீட்டர் குறியீட்டை அரை மீட்டரிலிருந்து படிக்க முடியும். சுற்றிலும் வெள்ளை ஓரம் விடுங்கள், பளபளப்பில்லாத உறையிடுங்கள். உப்புக்காற்றில் அச்சு தேய்ந்துபோகும் ஊர் இது. எனவே, சுமார் 30 விழுக்காடு சேதம் வரை தாங்கும் உயர்ந்த பிழைதிருத்த நிலையைத் தேர்ந்தெடுக்கலாம்.

சோதனையும் பராமரிப்பும்

வெளியிடுவதற்கு முன்பு, இவ்வூருக்கு முன்பின் வந்திராத ஐந்தாறு பேரிடம் தந்து பாருங்கள். அவர்களில் முதியவர் ஒருவரும் பழைய, விலை குறைந்த கைப்பேசி வைத்திருப்பவர் ஒருவரும் இருக்கட்டும். எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்காமல், பின்னால் நடந்தபடி கவனியுங்கள். எந்த இடத்தில் நின்று தடுமாறினார், எந்தப் பொத்தானை இருமுறை தொட்டார், எத்தனை நேரம் தலைகுனிந்தே இருந்தார் என்பவற்றைக் குறியுங்கள். "பிடித்திருந்ததா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக ஆம் என்பார்கள். "பூனை எங்கே இருந்தது?" என்று கேளுங்கள்.

விரைவில் மாறக்கூடிய தகவல்களைத் தனிக் கோப்பில் வையுங்கள். கட்டணம், திறக்கும் நேரம், பேருந்து விவரம் ஆகியவை அதில் அடங்கும். நீண்ட காலம் கட்டணமின்றிப் பார்த்துவந்த வெண்ணெய்ப் பந்துப் பகுதிக்கு 2019 அக்டோபரில் நுழைவுச்சீட்டு அறிமுகமானது. கட்டணமில்லை என்ற பழைய செய்தி ஒலிப்பதிவுக்குள் புதைந்திருந்தால் முழுவதையும் மீண்டும் பதிவுசெய்ய நேர்ந்திருக்கும். கட்டணத்தின் அருகில் கடைசியாகச் சரிபார்த்த நாளை அச்சிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை யார் நேரில் சென்று பார்ப்பது என்பதையும் வெளியிடும் நாளிலேயே முடிவுசெய்துவிடுங்கள்.

குறியீட்டுக்குள் இருக்கும் இணைய முகவரி உங்கள் பெயரில் பதிவான சொந்த முகவரியாக இருக்க வேண்டும். நீண்ட முகவரியைச் சுருக்கித் தரும் இலவசச் சேவைகளின் முகவரியை அச்சிட்டால், அந்தச் சேவை நின்ற நாளில் ஊரெங்கும் ஒட்டிய குறியீடுகள் அனைத்தும் செயலிழந்துவிடும். முகவரியைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பதிவுசெய்து, புதுப்பிக்க வேண்டிய நாளைக் குழுவில் குறைந்தது இருவருடைய நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.